பீரோவில் கிடக்கும் கடன் அட்டை

காஞ்சிபுரத்திலிருந்து ஒரு சகோதரர் நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக் கொண்டிருப்பதால், விஷயத்தை மட்டும் சுருக்கி இங்கே தருகிறோம்.

கேள்வி: காந்தி ரோட்டை ஒட்டிய தெருவொன்றில் சிறிய பட்டுப் புடவைக் கடை வைத்திருக்கிறேன். ஆறு வருடங்களுக்கு முன், கடைக் கணக்கு இருக்கும் வங்கியில் வற்புறுத்தி ஒரு கிரெடிட் கார்டு கொடுத்தார்கள். ஒருமுறை பட்டு நூல் வாங்கவும், ஒருமுறை ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அதை உபயோகித்தேன். இரண்டு முறையும் கெடுவுக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டேன். இரண்டு வருடத்துக்கு மேலாக அதைத் தொடவேயில்லை. பீரோவில் கிடக்கிறது. முதலில் இலவசம் என்றவர்கள் இப்போது ஆண்டுக் கட்டணம் கேட்கிறார்கள். கணக்கை மூடிவிடலாமென்று பார்த்தால் என் மச்சான் தடுக்கிறார். 'மூடினால் சிபில் மதிப்பெண் இறங்கிவிடும். நாளைக்கு மகள் படிப்புக்குக் கடன் கேட்டால் வங்கிக்காரன் கையை விரிப்பான். உபயோகிக்காமல் சும்மா கிடப்பதில் என்ன பாவம்?' என்கிறார். எங்கள் பள்ளிவாசல் இமாம் அவர்களோ மூடிவிடச் சொல்கிறார்கள். கடையில் அட்டை தேய்க்கும் மெஷினும் இருக்கிறது. அதையும் எடுத்துவிட வேண்டுமா? மார்க்க அடிப்படையில் விளக்கம் தேவை.

விளக்கம்: உபயோகிக்காமல் கிடப்பதில் என்ன பாவம் என்ற மச்சானின் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. ஒரு பொருளை வைத்திருப்பது வேறு, அதை உபயோகிப்பது வேறு என்பது ஷரீஅத்தும் ஒப்புக்கொண்ட பாகுபாடுதான். காஞ்சிபுரத்துக்காரருக்கு இதைப் பட்டைக் கொண்டே விளக்கிவிடலாம்.

ஆண்கள் பட்டு உடுத்துவது நமக்கு விலக்கப்பட்டது. ஆனால் அந்த ஊரில் பட்டை விற்று ஹலாலாகச் சம்பாதிக்கும் முஸ்லிம் கடைக்காரர் இருக்கிறார். அவருடைய அலமாரி நிறையப் பட்டு இருக்கிறது. இதில் குற்றமில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களுக்குப் பட்டு அங்கியொன்றை அனுப்பி வைத்தார்கள். உமர் (ரலி) திகைத்துப்போய், பட்டைப் பற்றித் தாங்கள் முன்பு கூறியிருக்க இதை எனக்குத் தந்தீர்களே என்று கேட்டபோது, உடுத்துவதற்காக அதைத் தரவில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். உமர் (ரலி) அதை மக்காவில் இருந்த, அப்போது இஸ்லாத்தை ஏற்றிராத தம் சகோதரருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஸஹீஹ் புகாரியில் பதிவாகியுள்ள சம்பவம் இது. ஆக, கையில் இருப்பதாலேயே ஒரு பொருள் குற்றமாகிவிடாது. மச்சானின் வாதத்துக்கு இந்த அளவுக்கு ஆதாரம் உண்டு.

ஆனால் கடன் அட்டை பட்டைப் போல ஒரு பொருள்தானா என்று அடுத்தபடியாகக் கேட்க வேண்டும். பீரோவில் இருப்பது கையகல பிளாஸ்டிக் துண்டு. அதை வெட்டிக் குப்பையில் போட்டாலும் வங்கியில் கணக்கு அப்படியே இருக்கும். சகோதரர் வைத்திருப்பது உண்மையில் ஓர் அக்து. அதாவது இரு தரப்பாருக்கிடையே செய்யப்பட்ட ஒப்பந்தம். இது தறிக்காரர்களுக்குச் சுலபமாக விளங்கும். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறார். பணம் கல்யாணத்திலோ வைத்தியத்திலோ செலவாகிவிடுகிறது. பல வருடம் கழித்து வேறு முதலாளியிடம் போகலாமென்று நினைக்கும்போதுதான், பழைய பேரேட்டில் தம் பெயர் இன்னும் இருப்பது அவருக்கு உறைக்கிறது. பாக்கியைத் தீர்த்தாலன்றி தறியை மாற்ற முடியாது. சகோதரர் வங்கியிடம் இப்போது பணம் எதுவும் வாங்கி வைத்திருக்கவில்லை. அந்த வகையில் அவர் நிலை மேலானதே. எனினும் பேரேட்டில் பெயர் இருக்கிறது, அதற்குக் கீழே கையெழுத்தும் இருக்கிறது.

அந்தக் கையெழுத்து எதற்கு? பெரும்பாலோர் படிப்பதேயில்லை. பொடி எழுத்தில் பத்துப் பதினைந்து பக்கம் இருக்கும். அதன் சாரத்தைச் சொல்கிறோம். வாங்கிய தொகையைக் கெடு தேதிக்குள் முழுவதுமாகக் கட்டினால் வட்டி கிடையாது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினாலோ, கெடு தவறினாலோ வட்டி உண்டு. வங்கிக்கு வங்கி வேறுபட்டாலும், மாதம் 3.5 விழுக்காடு என்பது சர்வசாதாரணமான விகிதம். ஆண்டுக்கு 42 விழுக்காடு. ரொக்கமாக எடுத்தால் எடுத்த அன்றிலிருந்தே வட்டி ஓடும். தாமதக் கட்டணம் தனி. எல்லாவற்றின் மேலும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வாங்குவது நியாயமற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் ஒரு வரம்பு விதித்திருந்தது. 2024 டிசம்பர் 20 அன்று சுப்ரீம் கோர்ட் அதை ரத்துச் செய்துவிட்டது. 'கெடு தவறினால் இந்த வட்டியைத் தருவேன்' என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து.

அல்லாஹ் வியாபாரத்தை ஆகுமாக்கி வட்டியை விலக்கியிருப்பதும், எஞ்சிய வட்டியைக்கூட விட்டுவிடுமாறு மூமின்களுக்குக் கட்டளையிட்டிருப்பதும் அல்பகரா அத்தியாயத்தின் 275 முதல் 279 வரையுள்ள வசனங்களில் இருக்கின்றன. வட்டி வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர்கள் ஆகிய அனைவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரே வரிசையில் வைத்துச் சபித்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. வட்டி கைமாறுவதற்கு முன்பே, அதை எழுதுகிறவரும் இந்த வரிசையில் வந்துவிடுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

உலமாக்களின் இரு கருத்துக்கள்

இனி மஸ்அலாவுக்கு வருவோம். நம் முன்னோர்களின் ஃபிக்ஹ் கிதாபுகளில் கடன் அட்டை என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது. நம் நாட்டில் சென்ட்ரல் பாங்க் ஆப் இந்தியா இதை அறிமுகம் செய்ததே 1980-இல்தான். ஆனால் கடன் கொடுக்கும்போது கூடாத ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் ஒப்பந்தம் என்னவாகும் என்பதை இமாம்கள் விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். கடன் கொடுத்தவருக்கு ஆதாயம் தரும் நிபந்தனை இருந்தால் அந்தக் கடன் ஒப்பந்தமே செல்லாது என்பது ஷாஃபிஈ மத்ஹப். நிபந்தனை மட்டும் வீணாகும், கடன் நிற்கும் என்பது ஹனஃபி மத்ஹப். எனவே ஹனஃபிகள் கொஞ்சம் தாராளம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அத்தகைய நிபந்தனையை ஏற்றுக் கையெழுத்திடுவது குற்றமென்பதில் இரு மத்ஹபிலும் பேச்சில்லை.

இன்றைய உலமாக்களிடையே இது குறித்து இரண்டு கருத்துக்கள் உள்ளன. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, 2000 செப்டம்பரில் ரியாதில் கூடியபோது 108-ஆம் தீர்மானத்தில் இதைத் தெளிவுபடுத்தியது. வட்டி நிபந்தனையுள்ள அட்டையை வழங்குவதும் கூடாது, அதைக் கொண்டு கொடுக்கல் வாங்கல் செய்வதும் கூடாது. தவணைக்குள் கட்டிவிடும் நிய்யத்து இருந்தாலும் சரியே என்பது அதன் முடிவு.

மற்றொரு சாரார், தவணைக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடுவோம் என்ற உறுதியுள்ளவருக்கு, தேவை ஏற்படும்போது இளக்கம் காட்டியிருக்கிறார்கள். இவர்கள் எடுத்துக்காட்டும் ஆதாரங்களுள் ஒன்று பரீரா (ரலி) அவர்களின் சம்பவம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பரீராவை விலைக்கு வாங்கி விடுதலை செய்ய விரும்பினார்கள். விடுதலைக்குப் பின் உள்ள வாரிசுரிமை தங்களுக்கே வேண்டுமென்று பழைய எஜமானர்கள் நிபந்தனை போட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வாங்கி விடுதலை செய்யச் சொல்லிவிட்டு, அல்லாஹ்வின் சட்டத்தில் இல்லாத நிபந்தனை நூறு இருந்தாலும் அது செல்லாது என்று மக்களிடையே அறிவித்தார்கள். அதுபோல வட்டி நிபந்தனையும் வெறும் எழுத்தாகவே நின்றுவிடும் என்பது இவர்களின் வாதம்.

இந்த ஒப்பீடு நமக்கு முழுத் திருப்தியளிக்கவில்லை என்பதையும் கூறத்தான் வேண்டும். பரீராவின் விஷயத்தில் அந்த நிபந்தனையைச் செல்லாததாக்கும் அதிகாரமுள்ளவர் மதீனாவில் இருந்தார்கள். அதனால் அது செத்த எழுத்தாயிற்று. இங்கே கெடு ஒரு நாள் தவறினால் நிபந்தனை உயிர் பெற்றெழுந்து, நாட்டுச் சட்டத்தின் பலத்தோடு வாசலில் வந்து நிற்கும். ஆயினும் அந்த உலமாக்களின் இல்மின் முன் நாம் சிறியவர்கள். அவர்கள் கூற்றை மதிக்கிறோம்.

காஞ்சிபுரத்துச் சகோதரருக்கு இந்தக் கருத்து வேறுபாடே குறுக்கே நிற்கவில்லை. கூடாது என்பவர்களின் கருத்துப்படி அவர் அட்டையை மூட வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. கூடும் என்பவர்களோ அதைத் தேவை என்ற ஒரு தூணின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். தேவைக்காகக் கிடைத்த சலுகை தேவை உள்ள மட்டும்தான். இரண்டு வருடமாக ஓர் அட்டை தொடப்படவேயில்லை என்றால் அது இல்லாமலே அவருடைய கடை நடந்திருக்கிறது, குடும்பம் நடந்திருக்கிறது. தேவை இல்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? நாள்தோறும் உபயோகிப்பவராவது ஏதோ ஒரு காரணம் சொல்லலாம். உபயோகிக்காதவருக்குச் சொல்லக் காரணமே இல்லை. மச்சான் தமக்குச் சாதகமென்று காட்டியது அவருக்கே எதிராகத் திரும்பிவிடுகிறது.

சும்மா கிடக்கிறதா?

உண்மையில் அது சும்மாவும் கிடக்கவில்லை. ஆண்டுக் கட்டணம் கேட்கிறார்கள் என்று சகோதரரே எழுதியிருக்கிறார். வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும் சேவைக்கென்று ஒரு நிலையான தொகை வாங்குவது வட்டியாகாது என்பது மேற்சொன்ன தீர்மானத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டணத்தை அட்டைக் கணக்கிலேயே கடனாக எழுதுகிறார்கள். 500 ரூபாய் கட்டணம் என்றால் ஜி.எஸ்.டி.யோடு 590 ரூபாய். ஒன்றும் வாங்கவில்லையே என்ற நினைப்பில் வந்த குறுஞ்செய்தியைப் பார்க்காமல் விட்டுவிட்டால், கெடு தாண்டி 3 நாட்களுக்கு மேல் போனதும் தாமதக் கட்டணம் விழும். 590 ரூபாய்க்கு மாதம் 3.5 விழுக்காடு என்றால் 20 ரூபாய் 65 காசு வட்டி. அதன் மேலும் வரி. தொகை அற்பந்தான். ஆயினும் ஒரு நூல்கண்டுகூட வாங்காத மனிதர் வட்டி கொடுத்தவராகிவிடுகிறார். சிபில் ஏட்டிலும் தவணை தவறியவர் என்று பதிவாகிறது. எந்த மதிப்பெண்ணைக் காப்பதற்காக அட்டையை வைத்திருந்தாரோ, அதையே அது கெடுத்துவிடும்.

இதில் மரணத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கடன் உள்ள நிலையில் இறந்த ஒருவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த நாயகம் (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அவருடைய மூன்று தீனார் கடனை அபூகத்தாதா (ரலி) அவர்கள் தாம் ஏற்றுக்கொண்ட பின்பே தொழ வைத்தார்கள். நம்மில் எத்தனை பேர், இந்தெந்த வங்கியில் எனக்கு அட்டை உண்டு என்று மனைவி மக்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம்? கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் (2:282) குர்ஆனிலேயே மிக நீளமானது. அட்டையைப் பற்றி வீட்டில் எதுவும் எழுதி வைக்காமல் ஒருவர் கண்மூடிவிட்டால், கட்டணமும் வட்டியும் ஏறிக்கொண்டே போகும். வாரிசுகளுக்கோ தகவலே தெரியாது.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த மாதங்களில்தான் பீரோவிலுள்ள அட்டை நினைவுக்கு வரும். நூல் விலை ஏறப் போகிறது, சரிகையும் தங்கம் வெள்ளியோடு சேர்ந்து ஏறப் போகிறது, இப்போதே வாங்கிப் போட்டால் நல்லது என்று தோன்றும். வாங்கிய சரக்கு தையில்தான் விற்கும். கெடுவோ நாற்பது ஐம்பது நாளில் வந்துவிடும். கடன் வாங்குவதே பாவம் என்று நாம் கூறவில்லை. நாயகம் (ஸல்) அவர்களே யூதர் ஒருவரிடம் தம் கவசத்தை அடகு வைத்துத் தானியம் வாங்கியிருக்கிறார்கள். நூல் வியாபாரியிடம் விலையை முன்பே பேசி முடித்து, மூன்று மாதத் தவணையில் வாங்குவது கூடும். தவணை தவறினால் விலையைக் கூட்டுவதென்ற பேச்சு மட்டும் இருக்கக் கூடாது. ஜமாஅத்தில் பைத்துல்மால் இருந்தால் அதையும் நாடலாம்.

மதிப்பெண்ணும் மகளின் படிப்பும்

சிபில் மதிப்பெண் என்பது 300 முதல் 900 வரை. கடனை ஒழுங்காகக் கட்டினாரா என்பதற்குத்தான் அதில் பெரிய மதிப்பு. கிடைத்த வரம்பில் எவ்வளவைப் பயன்படுத்துகிறார், கணக்குகள் எவ்வளவு காலம் பழையவை என்பவையும் சேரும். அட்டையை மூடினால் மதிப்பெண் இறங்கும் என்பது எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. ஒருவரிடம் ஒரு லட்சம், ஐம்பதாயிரம் வரம்புள்ள இரண்டு அட்டைகள் இருந்து, மாதம் முப்பதாயிரம் செலவிடுகிறார் என்று கொள்வோம். மொத்த வரம்பில் அது 20 விழுக்காடு. பெரிய அட்டையை மூடினால் அதே செலவு 60 விழுக்காடாகத் தோன்றும், மதிப்பெண் இறங்கலாம். அட்டையே உபயோகிக்காதவருக்கு இந்தக் கணக்கு எழவேயில்லை. ஒழுங்காகக் கட்டிய பழைய வரலாறும், கணக்கை மூடிய மறுநாளே ஏட்டிலிருந்து அழிந்துவிடாது. வேறு எந்தக் கடன் கணக்கும் இல்லாதவருக்கு நாளடைவில் புதிய தகவல் இல்லாமற் போய் மதிப்பெண் கொஞ்சம் அசையலாம். அதை மறைக்க வேண்டியதில்லை.

மகள் படிக்க வேண்டும். அதில் நமக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் மச்சானின் யோசனையைப் பிரித்துப் பார்த்தால், நாளை ஒரு வட்டிக் கடன் கிடைப்பதற்காக இன்று ஒரு வட்டி ஒப்பந்தத்தை வைத்திருங்கள் என்றாகிறது. கல்விக் கடனின் மஸ்அலா தனியாக எழுத வேண்டியது. அதற்கு முன்பாக இருக்கும் வாசல்களைத் தட்டினாரா என்று சகோதரரைக் கேட்கிறோம். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குத் தமிழகத்தில் 2007 முதல் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லையென்றால், அரசு கலந்தாய்வு மூலம் தொழிற்கல்வியில் சேரும் பிள்ளைக்கு முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையாகக் கல்விக் கட்டணம் குறையும். சான்றிதழுக்குக் கடைசி நேரத்தில் ஓடாமல் இப்போதே விசாரித்து வைக்கட்டும்.

மூடுவது எப்படி?

இமாம் அவர்கள் சொன்னதே சரி, மூடிவிட வேண்டும். அட்டையை வெட்டிப் போடுவது மூடுவதாகாது. வங்கியே ஒருநாள் மூடிவிடும் என்று காத்திருப்பதும் சரியன்று. ஓராண்டுக்கு மேல் உபயோகமில்லாத அட்டைக்கு வங்கி தகவல் அனுப்பி, 30 நாளில் பதில் வராவிட்டால் தானே மூட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்தது உண்மை. ஆனால் பாக்கி எதுவும் நிற்கக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் இருக்கிறது. கட்டணப் பாக்கி நின்றால் கணக்கும் நிற்கும்.

முதலில் மின்கட்டணம், இன்ஷூரன்ஸ் போன்ற ஏதாவது இந்த அட்டையில் தானாகக் கழியும்படி இருந்தால் அதை மாற்றிவிட வேண்டும். மனைவி பெயரில் கூடுதல் அட்டை வாங்கியிருந்தால் அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பிறகு பாக்கியைப் பைசா விடாமல் கட்ட வேண்டும். ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஏதேனும் வட்டி ஏறியிருந்தால் அதைத் தள்ளச் சொல்லிக் கேட்கட்டும். மறுத்துவிட்டால், வெளியேற வேறு வழியில்லாத நிலையில் கட்டி முடித்துத் தவ்பா செய்துகொள்ளட்டும். மூடும்படி எழுத்து மூலம், மின்னஞ்சலிலாவது, கேட்டுக்கொள்வது நல்லது. பாக்கி இல்லாதபோது 7 வேலை நாட்களில் வங்கி மூடியாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அட்டைதாரருக்குத் தர வேண்டுமென்பதும் அதே 2022-ஆம் ஆண்டு விதி. (இந்த 500 ரூபாய் வட்டியாகுமா என்று யாரேனும் கேட்கலாம். அவர் வங்கிக்குக் கடன் எதுவும் கொடுத்திருக்கவில்லை. வங்கியின் தாமதத்துக்காகச் சட்டம் விதித்த ஈடு அது. வட்டியாக நமக்குத் தோன்றவில்லை.) மூடியாயிற்று என்ற பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும். வருடம் ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் சிபில் அறிக்கையை இரண்டு மாதம் கழித்து வாங்கி, கணக்கு மூடப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளட்டும்.

கடையிலுள்ள மெஷினைப் பற்றிய கேள்வி மிச்சம். வாடிக்கையாளர் எந்த அட்டையில் பணம் கொடுத்தாலும், கடைக்காரருக்கு அது புடவையின் விலைதான். வங்கி பிடித்துக்கொள்ளும் கமிஷன் சேவைக்கான கூலி என்று 108-ஆம் தீர்மானம் அனுமதித்திருக்கிறது. மெஷினை எடுக்க வேண்டியதில்லை. ரொக்கத்துக்கு ஒரு விலை, அட்டைக்கு ஒரு விலை என்று வைக்காமல் இரண்டுக்கும் ஒரே விலைக்கு விற்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அந்தத் தீர்மானம் சேர்த்திருக்கிறது. காந்தி ரோட்டில் சில கடைகளில் கார்டு என்றதும் இரண்டு விழுக்காடு கூட்டிச் சொல்வதாக வாசகர்கள் சிலர் நமக்கு எழுதியிருக்கிறார்கள். சகோதரர் தம் கடையில் என்ன நடக்கிறது என்று கல்லாவில் இருக்கும் பையனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.